கல்யாணத்தோடு செத்துப்போன உயில்

நான் எழுதி வைத்திருந்த உயில் செல்லாது என்பது, இன்னொருத்தியின் உயிலுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடப் போன இடத்தில்தான் எனக்குத் தெரிய வந்தது.

சிவகாசியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் நர்ஸ். என் வேலைக் காலத்தில் பெரும்பகுதி தீக்காய வார்டிலேயே போய்விட்டது. அங்கே என்னோடு வேலை பார்க்கும் ஒருத்தி, தன் வீட்டை இரண்டு பெண்களுக்கும் சரிபாதியாக எழுதி வைக்க நினைத்தாள். "அக்கா, ஒங்கள விட்டா எனக்கு யாரு சாட்சி போடுவா? வாங்க" என்று கூப்பிட்டாள். பகல் ட்யூட்டி முடிந்ததும் இருவரும் ஒரு பெண் வக்கீலின் வீட்டுக்குப் போனோம். முன்னறைதான் அவருடைய ஆபீஸ். மேஜைக்குப் பக்கத்தில் ஒரு தையல் மெஷினும் இருந்தது. நிதானமாகப் பேசுகிறவர்.

தோழியின் வேலை முடிந்து நான் கையெழுத்துப் போட்ட பிறகு வக்கீலம்மா பேச்சுவாக்கில் கேட்டார்: "நீங்க எழுதியாச்சா சிஸ்டர்?"

"எப்பவோ எழுதியாச்சு. எம் மக பேருக்கு. ரெஜிஸ்டர் பண்ணி பீரோல வச்சிருக்கேன்."

"அக்கா எல்லாத்துலயும் முந்திக்கிருவாங்க, கல்யாணத்துலதான் லேட்டு. அம்பது வயசு தாண்டி, முந்தா வருசம்தான் ஆச்சு" என்று தோழி சிரித்தாள்.

வக்கீலம்மா பேனாவை மூடப் போனவர் அப்படியே நிறுத்தினார். "உயில் எழுதுனது கல்யாணத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி."

"நீங்க கிறிஸ்டியன்தான?"

"ஆமா."

"அப்ப அந்த உயில் இப்ப இல்லம்மா."

எனக்கு விளங்கவில்லை. பீரோவில் இருக்கிறது என்று மறுபடியும் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

"பேப்பர் இருக்கும். உயில் இல்ல. கிறிஸ்தவங்க கல்யாணம் பண்ணுனா அதுக்கு முன்னாடி எழுதுன உயில் தானா ரத்தாயிரும். சட்டம் அப்படி. இவங்களுக்கு அது கெடையாது" என்று என் தோழியைக் காட்டினார். "இந்துக்களுக்குப் பொருந்தாது. ஒங்களுக்குப் பொருந்தும்."

"ஒருத்தரும் சொல்லலியே. கல்யாணத்துக்கு முன்னாடி சர்ச்சுல எம்புட்டோ கேட்டாங்க, இதச் சொல்லலியே."

"அவங்களுக்கே தெரியாது."

எனக்கு இன்றைக்கு ஏதாவது ஆனால் வீடு யாருக்குப் போகும் என்று கேட்டேன். பாதி கணவருக்கு, மீதிப் பாதி கூடப் பிறந்தவருக்கு என்றார். எனக்குக் கூடப் பிறந்தவர் ஒரே ஒரு அண்ணன். "எம் மகளுக்கு?" என்றேன். "பெத்த மகளா? தத்துப் பத்திரம் இருக்கா?" என்று கேட்டார். இரண்டுக்கும் இல்லை என்றுதான் பதில்.

அவள் எங்கள் வார்டுக்கு வந்தபோது மூன்று வயது முடிந்திருக்கவில்லை. எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஷெட்டில் நடந்த விபத்தில் அவளுடைய அம்மா வெந்து வந்தாள். அப்பா அதற்கு முன்பே இல்லை. அம்மா போனதும், சேர்த்துவிட்டுப் போன சித்தப்பா பிள்ளையை எடுத்துக்கொண்டு போக வரவே இல்லை. கட்டிலுக்கு அடியில் விரித்த பாயில் படுத்துக் கிடந்தவளை, ஒருநாள் குளிப்பாட்டுவதற்காகச் சாத்தூரில் என் வாடகை வீட்டுக்குக் கூட்டிப் போனேன். அப்புறம் திருப்பிக் கொண்டுவந்து விடவில்லை. அந்தச் சித்தப்பா ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, "ஒங்ககிட்டயே இருக்கட்டும் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் கிடைத்த அனுமதி அந்த ஒரு வாக்கியம்தான். அவளுடைய பள்ளிச் சான்றிதழ்களில் செத்துப்போன அப்பா அம்மா பெயர்தான் இருக்கிறது. இப்போது சிவகாசியில் ஒரு பிரிண்டிங் கம்பெனியில் டிசைன் செய்கிறாள். காலண்டர் சீசனில் வீட்டுக்கு வரவே நேரமாகும்.

சாத்தூரில் பிற்பாடு கட்டிய அந்த வீட்டைத் தவிர அவளுக்கு என்னால் வேறு எதுவும் கொடுக்க முடியாது. சட்டத்தின் கண்ணில் நான் அவளுக்கு யாருமே இல்லை.

"இப்பவே எழுதிருவமா?" என்றார் வக்கீலம்மா. "எழுதுறது ஒண்ணும் பெரிய வேல இல்ல. ஆனா ஒங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சு செய்ங்க. தெரியாம செஞ்சா நாளைக்கு அவரோ அவர் பிள்ளையோ, இந்தப் பொண்ணு ஏமாத்தி எழுதி வாங்கிட்டான்னு கோர்ட்டுக்குப் போகலாம். அத அவ தாங்கணும்."

சொல்லிவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன்.

அன்று இரவே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. என் கணவரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய முதல் மனைவி எங்கள் மருத்துவமனையில்தான் காலமானார். அப்போது பழகியதில் என்னை 'சிஸ்டர்' என்று கூப்பிடுவார், கல்யாணத்துக்குப் பிறகும் சில நேரம் அப்படியே வந்துவிடும். விருதுநகரில் இருந்த தன் வீட்டை மகனுக்கும் மருமகளுக்கும் விட்டுவிட்டுச் சாத்தூரில் என்னோடு வந்து இருந்தார். மழை பெய்தால் குடையோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போய் என் மகளைக் கூட்டி வருவார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் வந்த புதிதில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "நான் இந்த வீட்டுல குடியிருக்கனா, தங்கியிருக்கனா?" என்று கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார். நான் ரசத்தை ஊற்றிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். இப்போது போய், 'இந்த வீடு உங்களுக்கு வராமல் இருக்க ஏற்பாடு செய்யப் போகிறேன்' என்று எந்த வாயால் சொல்வது?

சொல்லவும் பயம், சொல்லாமல் செத்துவிடுவேனோ என்றும் பயம். ரோட்டைக் கடப்பதற்கு நின்றுகொண்டே இருந்தேன். ஒரு பக்கமாகத் தலை வலித்தால் பிரஷர் பார்த்தேன். மருத்துவமனையில் மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே இறங்கினேன். இத்தனை வருஷம் சாவைப் பக்கத்தில் வைத்து வேலை பார்த்தவளுக்கு, அது தன்மேல் ஏறி உட்காரும் என்று அப்போதுதான் உறைத்தது.

அந்த வாரம் என் அண்ணன் வந்தார். சாத்தூரிலேயே நாலு தெரு தள்ளி இருக்கிறவர், மாதத்தில் ஒருமுறை வந்து காபி குடித்துவிட்டுப் போவது வழக்கம். அன்றைக்கு அவர் சுவரை நிமிர்ந்து பார்த்ததுகூட எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது.

"அங்கன ஒரு வெடிப்பு விட்டுருக்கே, பாத்தியா? இப்பவே பூசிரு. பின்னால செலவு இழுக்கும்."

"பூசணும்ணே."

அப்புறம் என் மகளிடம் திரும்பினார். "ஏ பிள்ள, ஒனக்கும் ஒரு எடம் பாக்கணும்லா. எம்புட்டு நாளைக்கு இங்கனயே இருப்ப?"

இதே கேள்வியை அவர் ஏற்கெனவே பலமுறை கேட்டிருக்கிறார். மாப்பிள்ளை பார்க்க வேண்டும் என்பதுதான் அர்த்தம். அவளும் வழக்கம்போல, "மாமா, ஒங்களுக்கு நான் போனாத்தான் நிம்மதி" என்று சிரித்தாள். நானோ அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவருக்குச் சட்டம் தெரியுமா? என் கல்யாணத்துக்கு அத்தனை உற்சாகமாக ஓடியாடி வேலை செய்தாரே, எதற்காக? அப்படியெல்லாம் யோசித்தேன். பெற்றோர் இறந்தபின் என்னைப் படிக்க வைத்த அண்ணனை அப்படி நினைத்தேன்.

அதற்கு இரண்டொரு நாள் கழித்து, காலையில் சாத்தூரிலிருந்து சிவகாசிக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். ஊருக்குள் நுழைவதற்குக் கொஞ்சம் முன்னால் அந்தச் சத்தம் கேட்டது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அது பட்டாசுச் சத்தமா, ஷெட் வெடித்த சத்தமா என்று சொல்லித் தரவேண்டியதில்லை. ஜன்னல் சட்டங்கள் குலுங்கின. டிரைவர் வண்டியை ஓரங்கட்டினார். தூரத்தில் வெள்ளையாகவும் அதற்குள் கறுப்பாகவும் புகை எழும்பியது. "நாரணாபுரம் பக்கமா?", "இல்ல, அதுக்கும் இங்கிட்டு" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். பெண்கள் போனை எடுத்துத் தங்கள் வீட்டு ஆட்களைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். எனக்கு முன் சீட்டில் இருந்த ஒரு பெண், போன் எடுக்கப்படாமல் போகப் போக, "எடுறி, எடுறி" என்று போனிடமே கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில் எனக்கு முதலில் தோன்றியது, ஷெட்டுக்குள் இருந்தவர்களைப் பற்றியது இல்லை. இந்த பஸ் இன்னும் கொஞ்சம் முன்னால் போயிருந்தால், நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லையே என்பதுதான். அது எவ்வளவு அற்பமான நினைப்பு என்று தெரிந்தும் அதை நிறுத்த முடியவில்லை. மகளுக்குப் போன் போட்டேன். "ஆபீஸ்லதாம்மா இருக்கேன், ஒண்ணுமில்ல" என்றாள். அவள் குரலைக் கேட்டதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவளுக்குக் காரணம் புரியவில்லை.

அன்று சாயங்காலம் வரை வார்டில் உட்கார நேரமில்லை. பஸ்ஸில் முன் சீட்டில் இருந்த பெண் யாரையும் தேடி அங்கே வரவில்லை. அவள் கூப்பிட்ட ஆள் வேறு எங்கேயாவது பத்திரமாக இருந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, ஈரத் தலையோடு கணவர் முன்னால் போய் உட்கார்ந்தேன். அவர் டிவியில் விபத்துச் செய்திதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, ஒண்ணு சொல்லணும். கோவப்படாமக் கேளுங்க."

டிவியை அணைத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். முன்பு எழுதியதையும், அது செத்துப்போனதையும், புதிதாக எழுத வேண்டியதையும். கடைசியில், "ஒங்களுக்கு எதுவும் வேண்டாம்னு இல்ல. அவளுக்கு வேற நாதியில்ல" என்றேன்.

"கல்யாணம் பண்ணுனா செல்லாதுன்னா சொன்னாங்க? நல்லாக் கேட்டியா?" என்று அவர் ஒரு கேள்வி மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, செருப்பைக் காலில் நுழைத்து, பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கூப்பிட்டேன். போனை எடுக்கவில்லை. மகள் வந்து, "அப்பா எங்கம்மா?" என்று கேட்டாள். அவரை அவள் அப்பா என்றுதான் கூப்பிடுவாள். கடைக்குப் போயிருக்கிறார் என்றேன். ஒருவேளை அண்ணன் வீட்டுக்குப் போயிருப்பாரோ, இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்களோ என்றெல்லாம் மனசு ஓடியது. விபத்துச் செய்தி பார்த்த கையோடு இருட்டில் வண்டியை எடுத்துக்கொண்டு போனவருக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்பது அதற்கப்புறம்தான் வந்தது. வந்ததும் அதுதான் பெரிய பயமாக ஆகிவிட்டது. வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தேன்.

சாப்பாட்டு நேரத்துக்கு வந்து சேர்ந்தார். தலைமுடியெல்லாம் தூசி. விருதுநகர் வரை போய் வந்திருக்கிறார்.

"நானும் எழுதி வச்சிருந்தேன் சிஸ்டர்" என்றார், நாற்காலியில் உட்கார்ந்து. "மூத்தவ போன மறு வருசமே. வீடு மகனுக்குன்னு. இந்தக் கல்யாணத்துல ஒனக்கு மட்டுமில்ல, எனக்கும் செத்துப்போச்சு. இப்ப நான் போனா மூணுல ஒரு பங்கு ஒனக்கு வரும்னு விருதுநகர்ல எனக்குத் தெரிஞ்ச வக்கீல் சொல்றாரு."

எனக்கு அது தோன்றவே இல்லை. என் பயத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் அவரும் என்னை மாதிரித்தான் கல்யாணம் செய்துகொண்டவர் என்பது மறந்துபோயிற்று.

"மகன்ட்ட சொல்லிட்டீகளா?"

"சொல்லிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது, அவசரப்பட்டுட்டேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெரிஞ்சேதான் கட்டியிருக்காங்கன்னு சொல்லிட்டான்."

என் அண்ணனை நான் நினைத்த மாதிரியே, அந்தப் பையன் என்னை நினைத்திருக்கிறான். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் கூடியது. வீடு வாசல் என்று வந்துவிட்டால் எல்லார் தலைக்குள்ளும் இது ஏற்கெனவே தயாராக உட்கார்ந்திருக்கிறது போலும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தபோது அந்தப் பையன் வாசலில் நின்றான். முப்பது வயதைத் தாண்டியவன்தான், எனக்குப் பையன் என்றே வருகிறது. உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"இல்லீங்க, இருக்கட்டும். எப்ப ரெஜிஸ்டர் ஆபீஸ் போறீகன்னு தெரிஞ்சிக்கிட்டுப் போவம்னு வந்தேன்."

"ஒங்க அப்பா எழுதுற அன்னைக்கே நானும் எழுதுதேன். ஒரே நாள்ல முடிச்சிருவம். நீங்களும் வாங்க."

"நீங்க ஒண்ணும் தப்பா எடுத்துக்கிற வேண்டாம். எங்கம்மா நகைய வச்சுக் கட்டுன வீடு."

"தப்பா எடுக்கலப்பா. எனக்கும் இதே பயந்தான்."

அவன் தலையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்தான்.

அதற்குப் பிறகுதான் எனக்கு எல்லாவற்றிலும் கஷ்டமானது வந்தது. வக்கீலம்மா வரைவை எழுதி அனுப்பியிருந்தார். மகளிடமும் விஷயத்தைச் சொல்லியாயிற்று. அவள் அதைப் போனில் வைத்து, அடுப்படியில் நின்றுகொண்டே படித்தாள். படித்தவள் ஒரு இடத்தில் நின்றுவிட்டாள்.

"அம்மா, இதென்ன? 'என்னால் வளர்க்கப்பட்டு வரும்'னு போட்டு, செத்துப்போன அவங்க ரெண்டு பேர் பேரையும் போட்டு, 'இன்னாருடைய மகள்'னு போட்டிருக்கு."

"அப்பிடித்தான் எழுதணுமாம்."

"'என் மகள்'னு போடக்கூடாதா?"

அதே கேள்வியை நானும் வக்கீலம்மாவிடம் கேட்டிருந்தேன். 'மகள்' என்று மட்டும் எழுதினால், மகள் என்பதை நிரூபி என்று யாராவது நிற்பார்கள். நிரூபிக்க நம்மிடம் காகிதம் இல்லை. இவள்தான் அந்த ஆள் என்று ஒருத்தரும் சந்தேகப்பட முடியாதபடி, சான்றிதழில் உள்ளபடியே எழுத வேண்டும் என்று சொல்லியிருந்தார். அதை அவளுக்குச் சொன்னேன். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவளைக் காப்பாற்ற வேண்டுமென்றால், அவள் என் மகள் இல்லை என்று நானே கையெழுத்துப் போட வேண்டும்.

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். "எனக்கு வீடு வேண்டாம்மா."

"அப்பிடிச் சொல்லாத."

"நீ செத்துப்போவேன்னு எழுதி வச்சிருக்கிறதப் படிக்கவே எனக்கு ஒரு மாதிரி இருக்கு. இதுல இது வேற." கட்டிலுக்கு அடியில் படுத்துக் கிடந்தபோதும் அவள் சத்தம் போட்டு அழுததில்லை. அன்றும் அப்படித்தான், கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்காமலே குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் கழித்து, "சரி, போடு" என்றாள். "ஆனா 'வளர்க்கப்பட்டு'ன்றத 'நான் மகளாக வளர்த்து'ன்னு மாத்தச் சொல்லு. அது பொய் இல்லேல்ல?"

வக்கீலம்மா மாற்றிக் கொடுத்தார்.

பத்திரப்பதிவு அலுவலகத்தில் அன்றைக்குக் கூட்டம். நான், என் கணவர், அவருடைய மகன், வக்கீலம்மா, சாட்சிக்கு என் வார்டுத் தோழியும் வக்கீலம்மாவின் ஜூனியரும் என்று காத்திருந்தோம். என் மகளை வரவேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். சொத்து யாருக்கோ அவர் அங்கே நிற்காமல் இருப்பது நல்லதாம். கைரேகைக்கு விரலை வைக்கச் சொன்னபோது கருவி எடுக்கவில்லை. வருஷக்கணக்காகச் சோப்பிலும் ஸ்பிரிட்டிலும் கழுவிய விரல்கள், ரேகை தேய்ந்திருந்தது. "துடைச்சிட்டு வைங்கம்மா" என்றார் அந்த அலுவலர். மறுபடியும் எடுக்கவில்லை. இங்கே வந்தும் முடியாமல் போய்விடுமோ என்று கணவரின் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறு விரலை வைத்துப் பார்த்ததில் எடுத்துக்கொண்டது.

என் உயிலில் வீடு மகளுக்கு. கணவர் இருக்கும் வரை அந்த வீட்டிலேயே இருக்கலாம் என்றும் ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த வரியை வக்கீலம்மா சத்தமாக வாசித்தபோதுதான் அவருக்குத் தெரியும். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய உயிலில் விருதுநகர் வீடு முழுவதும் மகனுக்கு. அது பதிவாகும் வரை அந்தப் பையன் உள்ளே வராமல் வராந்தாவிலேயே நின்றான். முடிந்ததும் காபி சாப்பிடக் கூப்பிட்டேன். வேலை இருக்கிறது என்று கிளம்பினான். கிளம்பும்போது, "வாரேன்" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனான். அதுவரை சொன்னதில்லை.

என் அண்ணனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். சாத்தூரில் எதுவும் ஒளிந்திருக்காது. போன் செய்தார்.

"ஏத்தா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலையா? ஒனக்குப் பெறகு நாங்க வந்து அந்தப் பிள்ளைய வெளிய தள்ளிருவம்னு நெனச்சியோ?"

என்னால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. "பயந்துட்டேண்ணே" என்றேன்.

"அந்த வெடிப்பப் பூசிட்டியா?" என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். கொத்தனாரை அனுப்புவதாகச் சொல்லி வைத்துவிட்டார். கொத்தனார் வந்தார். அண்ணன் மூன்று மாதம் வரவில்லை. பிறகு கிறிஸ்துமஸுக்கு மதினியோடு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். பழைய மாதிரி என் மகளைச் சீண்டவில்லை, மரியாதையாகப் பேசினார். அந்த மரியாதை அவளுக்கு வலித்தது.

பயம் போய்விட்டதா என்று தோழி கேட்டாள். ரோட்டைக் கடக்கிறேன், படி இறங்குகிறேன். ஆனால் ஒரு பத்திரம் தானாகச் செத்துப்போகும் என்று தெரிந்துகொண்டவளுக்குப் பழைய நிம்மதி திரும்புவதில்லை. நான் வாங்கியது, எழுதியது, செய்தது என்று எதைப் பார்த்தாலும், இது இன்னும் உயிரோடுதான் இருக்கிறதா என்று ஒரு கேள்வி வருகிறது. வக்கீலம்மாவுக்கு அவ்வப்போது போன் செய்து, சட்டம் எதுவும் மாறவில்லையே என்று கேட்கிறேன். அவர் அலுத்துக்கொள்ளாமல், "ஒண்ணும் மாறல சிஸ்டர், தூங்குங்க" என்கிறார்.